புளியங்கொட்டைப் பெடியள்

கையாட்களை மேய்க்கத் தெரியாதவர்கள் கையாட்களைக் கூப்பிடவே கூடாது. இந்த ஞானம் எனக்குப் போர்க் காலத்துக் கொழும்பில், வெள்ளவத்தையில், வாடகை வீடொன்றின் மேல்மாடியில், எட்டுப் புளியங்கொட்டைகளால் கிடைத்தது.

பெரியம்மாவின் மகன் சுதன் அண்ணா லண்டனில் அகதி விண்ணப்பம் சரிவராமல் திரும்பி வந்து எங்களோடு தங்கியிருந்தார். அவருடைய சூட்கேசைத் திறந்தபோது நானும் அம்மாவும் சொக்லேட்டை எதிர்பார்த்து எட்டிப் பார்த்தோம். உள்ளே ஒரு தடித்த புத்தகமும், தாயக்கட்டைக்குப் பைத்தியம் பிடித்தது போலப் பல முகங்கள் கொண்ட கட்டைகளும்தான் இருந்தன. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்து, கதைக்குள் புகுந்து சண்டை பிடிக்கும் விளையாட்டாம். யாழ்ப்பாணத்து இளைஞன் வெளியே போனால் சந்திக்குச் சந்தி பொலிஸ் மறிக்கும் என்பதால் அண்ணா வீட்டோடேயே கிடந்தார். பொழுது போக வேண்டுமே! எனக்கும் பக்கத்து வீட்டு வசந்திக்கும் விளையாட்டைச் சொல்லித் தந்தார்.

வசந்தி வாள் வீராங்கனை ஆனாள். நான் மந்திரவாதி. அதுவும் செத்தவர்களின் எலும்புக்கூடுகளை எழுப்பி வேலை வாங்கும் மந்திரவாதி. (வீட்டில் ஒரு கோப்பை கழுவ மாட்டேன். பாதாளக் கோட்டையில் எனக்கு எட்டு வேலையாட்கள்.) அடுப்படியில் பொறுக்கிய புளியங்கொட்டைகள் அந்த எட்டுப் பேராக அண்ணா கீறிய கோட்டைப் படத்தின் மேல் நின்றன.

தொல்லை அங்கேதான் தொடங்கியது. எட்டுப் பேருக்கும் தனித்தனியாகக் கட்டை உருட்டி முடிக்க எனக்கு ஒரு யுகம் பிடித்தது.

"உன்ர பட்டாளம் ஒருக்கா அடிச்சு முடிய நான் வீட்டை போய்க் குளிச்சிட்டு வரலாம்," என்றாள் வசந்தி.

அண்ணா புதுச் சட்டம் போட்டார். எட்டுப் பேரும் ஒன்றாகத்தான் அசைய வேண்டும், ஒரே உருட்டல். உருட்ட முன் கட்டளையை நான் உரக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் மரம் போல நிற்பார்கள். எனக்கோ பிறவியிலேயே பெரிய தொண்டை. 'எலும்புக்கூடுகள்' என்று ஒவ்வொரு தடவையும் கத்த நாக்குப் புரளவில்லை. அதனால் 'பெடியள்' என்று செல்லப் பெயர் வைத்தேன்.

(வெளியூர் வாசகர்களுக்கு: பெடியள் என்றால் பையன்கள். ஆனால் அந்தக் காலத்தில் ஆயுதம் தூக்கிய இயக்கக்காரரையும் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். இது தெரியாத தமிழர் கொழும்பில் ஒருவரும் இருக்கவில்லை. தெரிந்தும் கத்திய ஒரே ஆள் நான்.)

கீழ் வீட்டில் வீட்டுக்காரர் சேவியர் அங்கிள் இருந்தார். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழேதான் அவருடைய சாய்வு நாற்காலி. கடற்கரை ரயில் போகும் போதெல்லாம் என் பேச்சில் பாதியை அது விழுங்கிவிடும். பூதம், மந்திரம், பாதாளம் எல்லாம் ரயிலோடு போக, மிச்சம் மட்டும் அவர் காதில் விழுந்தது.

"பெடியள் எட்டுப் பேரும் வாசலுக்குப் போங்கோ! காவல்காரனை முடியுங்கோ! ரெண்டு பேர் செத்தாலும் பரவாயில்லை, நான் வேற ஆக்களைக் கூப்பிடுவன்!"

அங்கிள் எங்கள் படியடியில் கிடந்த செருப்புகளை எண்ணத் தொடங்கினார். எத்தனை றாத்தல் பாண், அதாவது ரொட்டி, வாங்குகிறோம் என்று கடைக்காரரிடம் விசாரித்தார். அவர் ஏன் செருப்பை எண்ணுகிறார் என்று எங்களுக்கு அவர் மேல் சந்தேகம் வந்தது. கடைசியில் ஒரு நாள் மேலே ஏறி வந்து, அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஒங்க மக பெடியள கூப்பிடுறா. எனக்கு எல்லாம் கேக்குது."

அம்மாவுக்கு அந்தச் சொல்லின் பையன்கள் என்ற அர்த்தம்தான் முதலில் பட்டது. முகம் சிவந்துவிட்டது.

"வயசுப் பிள்ளை, அங்கிள். ஆர் அந்தப் பெடியன் எண்டு சொல்லுங்கோ, நல்ல இடமெண்டால் கலியாணம் செய்து வைப்பம்."

"எட்டுப் பேரு, அம்மா!"

அம்மா பொத்தென்று கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று முதல் கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குள்ளே, குளியலறைக் கதவுக்குப் பின்னே என்று எட்டு மருமகன்களைத் தேடினார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. சோறு போடும்போது மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. ஒரு சார்ஜன்ட், இரண்டு பொலிஸ்காரர், அவர்களுக்குப் பின்னால் சேவியர் அங்கிள். தன் வீட்டில் ஏதாவது அகப்பட்டால் முதலில் தன்னைத்தான் கொண்டு போவார்கள் என்ற பயத்தில் அவரே போய்ச் சொல்லியிருக்கிறார்.

"கொல்லோ கோ?" என்று சிங்களத்தில் கேட்டார் சார்ஜன்ட். பெடியள் எங்கே என்று அர்த்தம். மேசையில் கோட்டைப் படம் விரித்தபடி கிடந்தது. வாசல், காவல் அறை, ஆயுத அறை, எல்லாம் அண்ணாவின் கையெழுத்தில். அண்ணாவின் முகத்தில் ரத்தம் இல்லை.

"இது எந்த இடம்?" சார்ஜன்ட் கேட்டதை அங்கிள்தான் மொழிபெயர்த்தார்.

"இல்லாத இடம், சேர்."

"இல்லாத இடத்துக்கு ஏன் காவல் போட்டிருக்கு?"

அந்தக் காலத்தில் ஜீப்பில் ஏற்றப்பட்டவர்களில் பலர் திரும்பி வரவில்லை. அண்ணாவைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் வாயைத் திறந்தேன். (அதற்கு ஊமையாகவே இருந்திருக்கலாம்.)

"சேர், இது என்ர பெடியள்," என்று புளியங்கொட்டைகளைக் காட்டினேன். "எல்லாரும் செத்த ஆக்கள். செத்த பிறகுதான் நான் கூப்பிட்டனான்."

அங்கிள் சிலுவை போட்டுக்கொண்டு மொழிபெயர்த்தார். சார்ஜன்டின் புருவம் ஏறியது.

"யார் கொன்றது?"

அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து அம்மா அகப்பையோடு பாய்ந்து வந்தார்.

"எடியே! இந்தப் புளியங்கொட்டையளைத்தானோ நான் ஒரு கிழமையாய்க் கட்டிலுக்குக் கீழ தேடினனான்? எட்டு மாப்பிள்ளை எண்டு நித்திரை கொள்ளேல்லையடி!"

சொல்லிவிட்டு அழுதார். அழுதபடியே அகப்பையால் என் முதுகில் போட்டார். சார்ஜன்டுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் தாயிடம் பிள்ளை அடி வாங்குவது எல்லா மொழியிலும் விளங்கும். அவர் வாய் லேசாகக் கோணியது. ஆனாலும் அண்ணாவின் தோளில் கை வைத்து, ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்.

அப்போது சேவியர் அங்கிள் குறுக்கே வந்து நின்றார்.

"மேயா அபே கொல்லா, மஹத்தயா," என்றார். இவன் எங்கள் பெடியன், ஐயா. "நான் கெழவன், தப்பா கேட்டுட்டேன். கொண்டு போறதா இருந்தா என்னையும் சேத்துக் கொண்டு போங்க." இதைத் தமிழிலேயே சொல்லிவிட்டு, பதறிப் போய்ச் சிங்களத்தில் திரும்பவும் சொன்னார்.

சார்ஜன்ட் அண்ணாவின் தோளிலிருந்து கையை எடுத்தார். வெறுங்கையோடு போக மனமில்லையோ என்னவோ, படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டார், புளியங்கொட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார். ஜீப் போகும் சத்தம் கேட்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. அங்கிள் எங்கள் கதிரையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த, பால் விடாத பிளேன்ரீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

சுதன் அண்ணா இப்போது கனடாவில் இருக்கிறார். தொலைபேசியில் சுகம் விசாரிக்க முன்னரே, "எனக்குப் பதிலாப் பொலிஸோட போன பெடியளை விட்டிட்டாங்களோ?" என்றுதான் கேட்பார். அம்மாவும் இன்னும் விடவில்லை. ரசத்துக்குப் புளி கரைக்கும்போது கையில் கொட்டை தட்டுப்பட்டால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

"இந்தா, ஒருத்தன் வந்திட்டான். பாவம், நல்லா மெலிஞ்சு போனான்."