ஆய்வுக்கு உகந்த சாலை

நம் நிர்வாகம் மனிதகுலத்துக்கு அளித்த கொடைகளில் தலையாயது 'நேரடி ஆய்வு' என்பதை எங்கள் பொன்வயல் கார்டன் உலகுக்கு நிரூபித்துவிட்டது.

அருப்புக்கோட்டையில் திருச்சுழி பஸ் ஏறிப் பத்தாவது நிமிடம் இறங்கி, இடப்பக்கம் அரை கிலோமீட்டர் நடந்தால் எங்கள் குடியிருப்பு. அந்த அரை கிலோமீட்டரும் கரிசல். வெயிலில் வெடிக்கும், மழையில் செருப்பை வாங்கிக்கொண்டு திருப்பித் தராது.

இதில் ஈஸ்வரிக்குத்தான் பெருங்குறை. அவள் கணவர் இன்பராஜுக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் இரண்டு நாள் டவுன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மழை பெய்தால் ஆட்டோ உள்ளே வராது. அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் மெயின்ரோடுவரை தூக்கிப் போவோம். ஆகவே புறநகர்ச் சாலை நிதி கேட்டு ஈஸ்வரி மனு எழுதினாள். பதினோரு மாதத் 'துரித நடவடிக்கை'க்குப் பின், பொறியாளர் சௌந்தரபாண்டியன் ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது.

வருகிற பெரிய மனிதர் பள்ளத்தில் குலுங்கலாமா? எங்கள் பக்கத்து மரியாதை விழித்துக்கொண்டது. எங்கள் தெரு ஹாஜா நஜ்முதீன், தன் வீடு கட்ட இறக்கியிருந்த கிராவலை இரவல் கொடுத்தார். பரப்பினோம். டிராக்டர் ஓட்டி அமுக்கினோம். புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்தோம்.

"ஏண்ணே, அவுக பள்ளத்தைப் பாக்கத்தான வாராக?" என்றாள் ஈஸ்வரி.

"அதுக்காக, வந்த ஆளைப் பள்ளத்துலயா எறக்குறது? தெருவுக்கே அசிங்கந் தாயி" என்றார் நஜ்முதீன்.

பொறியாளர் மெயின்ரோட்டுக் கடையில் வாங்கிய டீயை ஜீப்பிலேயே குடித்துக்கொண்டு வந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"ரோடு நல்லாத்தான இருக்கு" என்றார். பாராட்டென்று எண்ணிக் கைதட்டினோம்.

பத்தே நாளில் கடிதம்: 'மேற்படி பாதை வாகனப் போக்குவரத்துக்கு உகந்த நிலையில் உள்ளதால் நிதி தேவைப்படவில்லை.' நஜ்முதீன் கிராவலை வழித்து அள்ளிக்கொண்டு போனார். அவர் வீடும் முடிய வேண்டுமல்லவா?

ஐப்பசி மழை இறங்கியது. ஈஸ்வரி மறுஆய்வு கேட்டாள். இம்முறை ஒருவரையும் மண்வெட்டி தொடவிடவில்லை. ஜீப் மெயின்ரோட்டிலேயே நின்றது. அந்நேரம் நாங்கள் இன்பராஜை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு கரையேறினோம். முழங்கால்வரை சேறு.

"எறங்கி ஒரு எட்டு பாருங்கய்யா" என்றாள் ஈஸ்வரி.

"இதுக்குள்ள எப்படிம்மா வாரது? வண்டி மாட்டிக்கிரும்" என்று பொறியாளர் கண்ணாடியை ஏற்றினார். ஜீப் வழுக்கிக்கொண்டு போனது. மெயின்ரோடு நல்ல ரோடு. நாங்கள் ஆட்டோவுக்குக் காத்து நின்றோம்.

இரண்டாம் கடிதம் முன்னதைவிடச் சுருக்கம்: 'பாதை ஆய்வு வாகனம் செல்லத் தகுதியற்றதாக உள்ளது. சீரமைக்கப்பட்ட பின் ஆய்வு மேற்கொள்ளப்படும்.'

இரண்டு கடிதத்திலும் பொய் ஒரு வரி கிடையாது. உண்மையை மட்டுமே எழுதி ஒரு நோயாளியைச் சேற்றிலேயே வைத்திருக்க முடியும் என்று காட்டியவர்களுக்கு, லஞ்சம் வாங்குகிறவன்கூடக் கொஞ்சம் பரவாயில்லை என்று எங்களை நினைக்கவைத்த பெருமையும் சேரட்டும்.