மெத்தையைப் பிய்த்த மாப்பிள்ளை

புது மாப்பிள்ளைக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது, முதல் ஆறு மாதத்துக்கு. எனக்கு அது ஐந்தாவது மாதம்.

யுத்த காலம். சின்னமனூரில் என் மாமனார், மலைத்தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். இன்ஜின் சத்தம் உள்ளே வராமலிருக்க, அதன் மூடிக்கு அடியிலும் டிரைவர் காலுக்கு முன்னால் இருந்த தகட்டிலும் கனத்த கம்பளி மெத்தை ஒட்டியிருந்தது. அது தொய்ந்து, சூடான குழாயில் பட்டு, மயிர் கருகுகிற நாற்றம் அடித்தது.

டிரைவர் சூசை ரொம்ப நிதானமானவர். "கம்பியப் போட்டுத் தூக்கிக் கட்டிருவோம் மாப்பிள்ள. பிச்சம்னா சத்தம் தாங்காது" என்றார்.

நான் மதுரையில் இரண்டு வருஷம் படித்தவன். (படித்தது சரித்திரம்.) தொய்ந்ததை எதற்குத் தூக்கிக் கட்ட வேண்டும் என்று கேட்டுவிட்டு, கத்தியும் குறடுமாக இறங்கினேன். தொய்ந்ததைப் பிய்த்தேன். கை சும்மா இருக்காமல் தொய்யாததையும் பிய்த்தேன். உள்ளிருந்து ஓர் எலிக் குடும்பம் வெளியேறியது. கரியும் பஞ்சுமாக நான் நின்ற கோலத்தைப் பார்த்து மாமனார் வீட்டு நாய் குரைத்தது.

மறுநாள் என் கொழுந்தியாளுக்குச் சம்பந்தம் பேச மார்க்கையன்கோட்டை போனோம். வடையும் காப்பியுமாகப் பேச்சு நல்லபடி முடிந்தது. பையனின் அப்பா, வீரபாண்டி அம்மனைக் கும்பிட்டுவிட்டு அங்கேயே தேதி குறிக்கலாம் என்று எங்களோடு காரில் ஏறிக்கொண்டார். முன்னால் சூசை, மாமனார், அவர். பின்னால் மாமியார், என் மனைவி, நான்.

வண்டி கிளம்பியதும் மறுபடியும் நெல் மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. முன்னால் இருந்தவர்கள் வாயசைத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. என் மனைவி என் காதில் வாயை வைத்து, "அவுகளப் பத்தி என்ன நினைக்கிறீக?" என்று கத்தினாள்.

அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று நானும் தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினேன்.

பெட்ரோல் கிடைக்காத நாள். சரிவு வந்தால் சூசை இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருளவிடுவார். அது எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

"பையன் தங்கம். அப்பன்தான் மகா கஞ்சன், வடையில ஓட்டைதான் பெருசு!"

என் குரல் மட்டும் தனியாக, கணீரென்று, காருக்குள் நின்றது. வெளியே வயலில் நாற்று நட்டவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மாமனாரின் பிடரி மெல்லச் சிவந்தது. பையனின் அப்பா திரும்பவே இல்லை. மாமியார் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டார். அழுகிறாரா, சிரிக்கிறாரா தெரியவில்லை.

"சூசை, இன்ஜினைப் போடுங்க" என்றேன், ஈனக் குரலில்.

"இருக்கட்டும் மாப்பிள்ள. பெட்ரோல் மிச்சம்" என்றார் சூசை.

அவ்வளவு நீளமான சரிவை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

சம்பந்தம் முறிந்தது என்றே முடிவு கட்டினேன். கோயிலில் எனக்காகத்தான் முதலில் வேண்டிக்கொண்டேன். ஆனால் மனிதர் சொன்னபடி தேதி குறித்தார். கல்யாணப் பந்தியில்தான் என் பக்கத்தில் வந்து நின்றார். வடைக் கூடையோடு வந்த ஆளைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளைக்கு ஓட்டை இல்லாததாப் பாத்து வையி" என்றார். பதினொரு வடை. கடைசி வடை இறங்கும்வரை நகரவில்லை.

இன்றும் யாரைப் பற்றியாவது நான் குறை சொல்ல ஆரம்பித்தால், என் மனைவி கையைக் காட்டி நிறுத்துவாள்.

"பொறுங்க. இன்ஜின் ஓடுதான்னு பாத்துக்கிறேன்."