தூக்க ஆளிருக்கா, சுதா?

தலைமைப் பண்பை வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்களை வீட்டுக் காரியம் எதற்கும் பொறுப்பாகப் போடாதீர்கள். நான் படித்தவள், அதனால்தான் சொல்கிறேன்.

எனக்கு முதன்மைப் பாடம் வணிகவியல். கூடவே துணைப்பாடம் ஒன்று எடுக்க வேண்டும் என்றார்கள். தலைமைத்துவத்தை எடுத்தேன். (மற்றதில் எல்லாம் இடம் தீர்ந்துவிட்டிருந்தது. இந்த உண்மையை எந்த இன்டர்வியூவிலும் நான் சொன்னதில்லை.) உளவியல், வரலாறு, தத்துவம், நிர்வாகவியல் என்று ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒருவர் வந்து பாடம் நடத்துவார். முன்னவர் சொன்னதைப் பின்னவர் மறுப்பார். எல்லாரும் ஒத்துப்போனது ஒன்றில்தான்: நல்ல தலைவர் எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யமாட்டார், வேலையைப் பிரித்துக் கொடுப்பார். அடிப்படையில் சோம்பேறியான எனக்கு இது ரொம்பவே பிடித்துப்போனது.

மில்லர்புரத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் அது பிடிபடவில்லை. "தலைமைக்கா படிக்கா? எந்தக் கட்சியில சீட்டு குடுக்காவ?" என்று பெரியப்பா கேட்டார். "கணக்க மட்டும் ஒழுங்காப் படிச்சாப் போதாதா? எதுக்கு இந்த வெட்டிப் படிப்பு?" என்பது அம்மா. என் பக்கம் நின்றது அப்பா ஒருவர்தான். துறைமுகச் சாலையில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். "சும்மா இரு ளா. எம் மவ ஒரு ஊரையே கட்டி மேய்ப்பா. நீ பாக்கத்தான் போற" என்பார் அம்மாவிடம்.

நான் வெளியூரில் கடைசி வருடம் படிக்கும்போது, ஒருநாள் காலையில் இதே பேச்சில் அவர்களுக்குள் சண்டை முற்றிவிட்டது. அப்பா காபியைத் தொடாமல் கடைக்குக் கிளம்பிப் போனார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மதியத்துக்குள், கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

மறுநாள் புதன்கிழமை விடிய நான் ரயிலில் வந்து சேர்ந்தபோது வீடு நிறையக் கூட்டம். "காபியக் குடிக்காமப் போனாவளே... போயிட்டு வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லலியே நான்..." என்று அம்மா அரற்றிக்கொண்டிருந்தாள். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்காரப் பார்ப்பாள். அதற்குள் புதிதாக ஒரு அத்தையோ சித்தியோ வந்து கட்டிப்பிடித்து அழுது, அவளை ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

நான் அழவில்லை. அழ ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்று பயம். எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது. ஊரையே கட்டி மேய்ப்பாள் என்றாரே, அவருக்கு அதைக் காட்டிவிட வேண்டும். காட்டுவதற்கு இனி வேறு நாளும் இல்லை.

"பன்னெண்டுக்கு ராகுகாலம். அதுக்கு முன்ன எடுத்துரணும்" என்றார் பெரியப்பா. "நான் பாத்துக்கிடுதேன் பெரியப்பா" என்றேன். (அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.)

வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினேன். ஆளுக்கொரு வேலை. கிராமத்திலிருந்து வேனில் வந்த ஆண்கள் பசியோடு இருந்தார்கள். சாப்பிட ஹோட்டலுக்கு அனுப்பினேன். கொள்ளி வைக்க வேண்டிய பெரியப்பா மகனை, சென்னைச் சொந்தங்களைக் கூட்டிவர பஸ் ஸ்டாண்டுக்கு விரட்டினேன். திரேஸ்புரத்திலிருந்து அந்தோணி அண்ணன் தன் படகு ஆட்களோடு வந்திருந்தார். படகு இன்ஜினுக்கு வேண்டியதை, 'அண்ணாச்சி, அண்ணாச்சி' என்று அப்பாவிடம்தான் வந்து வாங்குவார். வலை இழுத்து வலை இழுத்துத் தோள் உரமேறிய ஆட்கள், வாசலில் சும்மா நின்றார்கள். சும்மா ஆள் நின்றால் தலைவருக்குப் பொறுக்குமா?

"அண்ணே, நீங்க எல்லாரும் சுடுகாட்டுக்கு முன்கூட்டியே போயி, அங்க எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கிடுங்க" என்றேன்.

"எல்லாருமா தங்கச்சி?" என்றார்.

"எல்லாரும்தான்" என்றேன்.

பதினொன்றரைக்கு வீட்டில் பெண்கள் செய்ய வேண்டிய சடங்கெல்லாம் முடிந்தது. எங்கள் தெருவுக்குள் வண்டி வராது. முக்கு வரைக்கும் பாடையைச் சுமந்துதான் போக வேண்டும். சடங்கு செய்தவர் வாசலைப் பார்த்து, "தூக்க ஆள் வாங்கய்யா" என்று குரல் கொடுத்தார்.

யாரும் வரவில்லை.

வீட்டில் இருந்தது முழுக்கப் பெண்கள். ஆண் என்று பார்த்தால், முட்டி ஆபரேஷன் செய்த பெரியப்பாவும், ஊன்றுகோலோடு ஒரு பக்கத்து வீட்டுக்காரரும். எங்கள் வீடுகளில் பெண்களுக்குச் சாவு வாசலோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் யார் சுமக்கிறார்கள் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. அந்தோணி அண்ணனுக்கு போன் போட்டேன்.

"எல்லாரும் இங்கனதான் இருக்கோம் தங்கச்சி. அண்ணாச்சியத்தான் இன்னும் காணல" என்றார்.

அவர்கள் திரும்பி வரும் வழியில் கன்டெய்னர் லாரி வரிசை மறித்துக்கொண்டது. ஹோட்டலில் இருந்தவர்களும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனவனும் அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். மணி பன்னிரண்டு அடித்தது. "கெடுத்தியே ளா! இனி ஒன்றர மணி கழியாம எடுக்கப்பிடாது" என்று பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். அழுது களைத்த பெண்கள் ஒவ்வொருவராகக் காற்றாட வெளியே வந்து சாமியானாவுக்கடியில் உட்கார்ந்தார்கள். நான் மானம் போய், ஒளிய இடம் தேடி வீட்டுக்குள் போனேன்.

அங்கே அம்மா தனியாக இருந்தாள். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் கிடத்தியிருந்த அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"காபி ஆறிப் போயிட்டுன்னு கீழ ஊத்திட்டேன். நான் ஏதோ கோவத்துல பேசிட்டேன், மனசுல வச்சுக்கிடாதிய என்ன?" என்றாள். பிறகு, "பாத்தியளா, ஒங்க மவ கட்டி மேய்ச்ச லட்சணத்த?" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். சிரித்தவள் அப்படியே அவர் மார்பில் முகத்தை வைத்து அழுதாள்.

நான் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வாசலிலேயே நின்றேன். துக்கம் கேட்க வந்த இரண்டு சித்திகளைக் காபி குடித்துவிட்டு வரச்சொல்லித் திருப்பி அனுப்பினேன். அங்கே நின்றுதான் முதல்முறையாக எனக்கும் அழுகை வந்தது.

இப்போது ஒரு கம்பெனியில் ஆட்களை வேலை வாங்குவதுதான் என் வேலை. சொந்தத்தில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் என்னைக் கண்டதும் யாராவது, "தூக்க ஆளிருக்கா, சுதா?" என்பார்கள். பந்தலே சிரிக்கும். அந்தோணி அண்ணன் எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பார். அம்மா மட்டும் இதற்குச் சிரித்ததில்லை.

போன மாதம் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது, கட்டிலில் சாய்ந்தபடி சொன்னாள்: "என் காரியத்தையும் நீயே எடுத்து நடத்து, என்ன?"

"ஏம்மா, ஊரு சிரிச்சது போதாதா?"

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போட்டும்" என்றாள். "அன்னைக்கு மாரியே எல்லாரையும் எங்கயாச்சும் அனுப்பிவிட்டுரு. கொஞ்ச நேரம் எம் பக்கத்துல நீ மட்டும் இரி."