கோமதிக்கு வந்தது கோமாரி அல்ல

உ

மயிலாப்பூர், சென்னை-4
14-2-1973, புதன்கிழமை

சங்கரன்கோவில் கால்நடை ஆய்வாளரும் என் மனைவி பங்கஜத்தின் உடன்பிறந்த அண்ணனுமாகிய மதிப்பிற்குரிய மச்சான் இசக்கிமுத்து அவர்களுக்கு, சண்முகவேல் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், பங்கஜம், குழந்தை கோமதி மூவரும் சௌக்கியம். அங்கே உங்கள் சௌக்கியத்தையும் உங்கள் வீட்டில் தங்கபுஷ்பம் அக்காவின் சௌக்கியத்தையும் இந்த இடத்தில் கேட்பதுதான் முறை. கோபம் தணிந்தால் கடைசியில் கேட்கிறேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஜனவரி 22 திங்கட்கிழமை கோமதிக்குக் காய்ச்சல் வந்தது. புதன்கிழமை உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள் என்று சிறுசிறு கொப்புளம். தெருவில் அம்மை என்றார்கள். லஸ் பக்கம் லண்டனில் படித்துவிட்டு வந்த லேடி டாக்டர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அம்மை இல்லை, பயப்படாதீங்க. கை, கால், வாய், இதுதான் இந்த நோயோட பேரே. ஒரு வாரத்துல தானாப் போயிடும். பாலும் மோரும் ஆற வச்சுக் குடுங்க" என்று சொல்லி, நோயின் பெயரை ஆங்கிலத்தில் ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார். அவர் சொன்னபடியே ஆயிற்று. 30-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை கோமதி இரண்டு இட்லியை மிளகாய்ப் பொடியில் தொட்டு, அழாமல் தின்றாள். அத்தோடு அந்த நோய் முடிந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் உங்களால் வந்தது.

நடுவில் ஒரு தப்பு செய்தேன். காய்ச்சல் விட்ட அன்று, "அண்ணனுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க, இல்லாட்டி சடைப்பாவ" என்று பங்கஜம் சொன்னாள். டாக்டர் சீட்டைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் இன்லண்டு லெட்டரில் எழுதிப் போட்டேன். நான் எழுதியது கை, கால், வாய் என்று மூன்று உறுப்பு. நீங்கள் படித்தது கால், வாய் என்று இரண்டு, அதாவது மாட்டுக்கு வருகிற கோமாரிக்கு இங்கிலீஷில் உள்ள பெயர். நான் தியாகராய நகர் ஜவுளிக்கடையில் பில் எழுதுகிறவன். மூன்று வேட்டியை இரண்டு என்று எழுதினால் அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சர்க்கார் உத்தியோகத்தில் அந்தக் கஷ்டம் இல்லை போலிருக்கிறது.

சரி, படித்ததுதான் தப்பாகப் படித்தீர்கள், பதிலை ஒரு கவரில் போட்டிருக்கக் கூடாதா? திறந்த கார்டு. அதில் என்ன எழுதினீர்கள் என்று மறந்திருப்பீர்கள், நான் மறக்கவில்லை. "கோமதிக்கு வந்திருப்பது கோமாரிதான், சந்தேகமில்லை. மந்தையிலிருந்து உடனே பிரித்துக் கட்டவும். படிகாரத் தண்ணீரால் வாயைக் கழுவவும்." ஒரு படி தண்ணீருக்கு இத்தனை படிகாரம் என்று அளவு வேறு. "குளம்பில் வேப்பெண்ணெய் தடவவும். தெருவில் உள்ள மற்ற உருப்படிகளுக்கும் பரவும், எல்லோருக்கும் சொல்லிவிடவும். மருமகளுக்கு என் ஆசி." ஒரு நாளைக்கு முப்பது மாட்டுக்கு எழுதிய கை அப்படித்தான் ஓடும் என்றே வைத்துக்கொள்வோம். குளம்பு என்று எழுதும்போதாவது கொஞ்சம் நின்றிருக்க வேண்டாமா மச்சான்?

கார்டு பிப்ரவரி 1-ஆம் தேதி மூன்று மணித் தபாலில் வந்தது, நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த நேரம். எங்கள் தபால்காரர் பரோபகாரி. கார்டு என்றால் வாசலிலேயே உரக்கப் படித்து, விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் கையில் கொடுப்பார். அந்த நேரத்தில் பால்காரன் துரைராஜ் எங்கள் வாசலில் தன் செவலைப் பசுவைக் கட்டிக் கறந்துகொண்டிருந்தான். கோமாரி என்ற சொல் காதில் விழுந்ததும் பாதிக் கறவையில் எழுந்துவிட்டான்.

"இன்னா சார் இது? வூட்ல கோமாரிய வச்சிக்கினு, மாட்ட வாசல்ல கட்டிக் கறக்கச் சொல்றியே, நாயமா?"

"அது மாட்டுக்கு வர்றதுப்பா. இது குழந்தைக்கு வந்தது. அதுவும் போயாச்சு."

"மாட்டுக்கு வர்றது கொயந்தைக்கு வந்தா, கொயந்தைக்கு வந்தது மாட்டுக்கு வராதா? மாட்டு டாக்டரே கார்டு போட்டுக்கிறாரு. உனக்கு இன்னா தெரியும் நைனா?"

இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதவும். துரைராஜ் வாளியைத் தூக்கிக்கொண்டு மாட்டை ஓட்டிப் போனவன், அதை எங்கள் குழந்தையிடமிருந்து காப்பாற்றுவதற்காகப் பாலவாக்கத்தில் இருக்கும் தன் மச்சான் வீட்டுக் கொட்டகையில் கொண்டுபோய் ஒரு வாரம் கட்டிவிட்டான். தெரு முழுக்கப் பால் இல்லை. காலையில் காபி இல்லாத பதினோரு குடும்பமும் எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தன. நான் கார்டை எட்டுத் துண்டாகக் கிழித்தேன். பங்கஜம் அதற்கும் சண்டைக்கு வந்தாள். "எங்க அண்ணன் இருபத்திரெண்டு வருசமா இந்த நோயத்தான பாக்காவ, தெரியாமலா எழுதுவாவ?" என்று சொல்லி, நான் கடைக்குப் போன பிறகு படிகாரத்தைக் கரைத்துக் குழந்தை வாயில் ஊற்றியிருக்கிறாள். குழந்தை துப்பியது அவள் புதுச் சேலையில். அந்த ஒன்றுதான் இதில் நியாயமாக நடந்தது.

பக்கத்துப் போர்ஷன் ஹாஜிரா பீ மட்டும், தையல்காரர் வீட்டு அம்மா, தன் சர்க்கார் டிப்போ பால் இரண்டு பாட்டிலில் ஒன்றைத் தினமும் சுவருக்கு மேலே நீட்டினார்கள். "நம்ம ஷாகிரா இதுங்கூட ஒரே தட்டுல சாப்ட்டுச்சு பாய். அதுக்கு ஒண்ணும் ஆவல. மாடு மட்டும் பெரிய நவாபா?" என்றார்கள். இத்தனைக்கும் ஷாகிராவுக்கு வயது ஐந்து, டிப்போ கார்டே அந்தக் குழந்தைக்குப் பால் வேண்டும் என்று சொல்லித்தான் வாங்கியிருக்கிறார்கள். இதை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

திங்கட்கிழமை, 5-ஆம் தேதி, டாக்டர் சர்டிபிகேட்டோடு கோமதியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா வாசலிலேயே நிறுத்தினார். அவர்கள் வீட்டுக்கும் துரைராஜ்தான் பால் ஊற்றுகிறவன். "டாக்டர் எழுதினது சரி சார். ஆனா அந்த வெட்னரிக்காரர் பரவும்னு எழுதியிருக்காராமே? அவரே இல்லேன்னு எழுதிக் குடுத்துட்டார்னா நாங்க சேர்த்துக்கறோம். நாளைக்கு மத்த பேரன்ட்ஸ் வந்து கேட்டா நான் பதில் சொல்லணுமோல்லியோ?" என்கிறார். மனுசக் குழந்தைக்கு மாட்டு ஆபீசில் சர்டிபிகேட். கேட்டுக்கிட்டீங்களா மச்சான்? லண்டனில் படிச்ச டாக்டர் கையெழுத்து செல்லாதாம், சங்கரன்கோவில் கையெழுத்துதான் செல்லுமாம்.

இதெல்லாங்கூடப் பொறுத்துக்கிடுவேன். தெருப் பிள்ளைகள் உங்கள் கார்டை மனப்பாடம் பண்ணிவிட்டன. "கோமதிக்குக் கோமாரி, குளம்பில் தடவு வேப்பெண்ணெய்" என்று பாண்டி ஆடுகிற தாளத்தில் சொல்லிக்கொண்டு எங்கள் ஜன்னலைத் தாண்டிக் குதித்துப் போகின்றன. ஷாகிரா ஒருத்திதான் சொல்லவில்லை. கோமதி வாசல் பக்கம் போவதை விட்டுவிட்டாள். எங்கே உட்கார்ந்தாலும் பாதத்தைப் பாவாடைக்குள் இழுத்து மூடிக்கொள்கிறாள். முந்தாநாள் சாப்பிடும்போது கேட்டாள்: "அப்பா, எனக்குக் குளம்பு இருக்கா?" மச்சான், கொப்புளம் ஏழு நாளில் ஆறிவிட்டது. இது பதினான்கு நாளாக ஆறவில்லை. நீங்கள் பிள்ளைக்கு மாமன், காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டவர். எப்படி எழுத மனசு வந்துச்சு உங்களுக்கு?

ஆகவே மூன்று விஷயம். கோமதிக்கு வந்தது கோமாரி அல்ல, அவள் பூரண குணம் அடைந்துவிட்டாள் என்று சீல் வைத்து ஹெட்மிஸ்ட்ரஸ் பெயருக்கு எழுதி, கவரில் போட்டு, நன்றாக ஒட்டி அனுப்பவும். இரண்டாவது, இனி என் விலாசத்துக்கு ஆயுளுக்கும் கார்டு போட வேண்டாம். மூன்றாவது, மாட்டு வைத்தியத்தை மாட்டோடு வைத்துக்கொள்ளவும்.

கோபம் தணியவில்லை. ஆனாலும் தங்கபுஷ்பம் அக்கா ஒரு பாவமும் அறியாதவர்கள். அவர்களுக்கு எங்கள் மூவரின் நமஸ்காரம். கோமதியம்மன் உங்கள் குடும்பத்தையும், உங்கள் பேனாவையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
சண்முகவேல்

பி.கு. (16-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை): தபால்தலை வாங்க மறந்து இந்தக் கடிதம் இரண்டு நாள் பையிலேயே இருந்துவிட்டது. இன்று விடிந்ததும் துரைராஜ் செவலையோடு வாசலில் நிற்கிறான். அதன் வாயில் நுரை, கால் நொண்டுகிறது. பாலவாக்கத்தில் அவன் மச்சான் வீட்டு மாடுகளுக்குப் பொங்கலிலிருந்தே கோமாரியாம். அவனுக்கும் மச்சானால்தான் வந்திருக்கிறது. "நைனா, அந்தக் கார்ட எடுத்தாந்து படி, உனுக்குப் புண்ணியமாப் போவும்" என்று அழுகிறான். கிழித்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பங்கஜம் உள்ளே போய் அரிசி டின்னிலிருந்து கார்டை எடுத்து வந்தாள். நான் கிழித்த அன்றே கஞ்சிப் பசை தடவி ஒட்டி வைத்திருக்கிறாள். ஏழு துண்டு இருக்கிறது. படிகாரத்தின் அளவு எழுதியிருந்த துண்டு மட்டும் இல்லை. கோமதிதான் நினைவாகச் சொன்னாள், ஒரு சிட்டிகை போட்டால் போதுமாம், அவளுக்கு அம்மா போட்டது ரொம்ப அதிகமாம். துரைராஜ் அவள் சொன்னபடியே கரைத்தான். வேப்பெண்ணெய்க் கிண்ணத்தைக் கோமதியும் ஷாகிராவும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு போனார்கள், பாட்டுப் பாடிய பிள்ளைகள் எல்லாம் பின்னால். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவும் வந்து நின்று, நிஜக் கோமாரி எப்படியிருக்கும் என்று பார்த்துவிட்டு, "திங்கட்கிழமை அனுப்பி வைங்கோ" என்று சொல்லிப் போனார்.

ஆகவே சர்டிபிகேட் வேண்டாம். சரியான அளவை உடனே எழுதவும். கவர் வேண்டாம், கார்டே போடவும். எழுத்து பெரிதாக இருக்கட்டும், தபால்காரர் வாசலில் படிக்க வேண்டும். இன்னொன்று: தனக்குக் கை, கால், வாய் மூன்றிலும் வந்ததே, செவலைக்கு ஏன் கையில் வரவில்லை என்று கோமதி வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு கேட்கிறாள். அதற்கும் பதில் எழுதவும். தெருவே காத்திருக்கிறது.