டக்கெட் சந்தும் மூன்று மூக்குகளும்

மகாராணியின் நல்லாட்சியில், லண்டன் மாநகரத்தில், சுகாதாரத்தைப் பொறுத்தவரை எங்கள் வட்டாரம் யாருக்கும் இளைத்ததல்ல. நாற்றத்தினால்தான் நோய் வருகிறது, நாற்றமில்லாத இடத்தில் நோய் இருக்க முடியாது என்று எங்கள் வட்டாரச் சபை ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது. நாற்றம் உண்டா இல்லையா என்பதைச் சபை அங்கத்தினர் மூவர் நேரில் முகர்ந்து சான்றளிக்க வேண்டும்.

எங்கள் டக்கெட் சந்தில் மெழுகுவர்த்தி விற்கும் ஏபெலின் மனைவி கெசையா நிறைமாதக்காரி. அவள் ஜன்னலுக்குக் கீழே மலக்குழி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. போன கோடையில் வாந்திபேதிக்கு மூத்த பிள்ளையைப் பறிகொடுத்தவள், பாவம். இந்தப் பிள்ளை பிறப்பதற்குள் குழியை அள்ளிவிடுங்கள் என்று சபையிடம் போய் நின்றாள்.

மூவர் வந்தார்கள். தலைவர் கிரிம்வுட் மூக்குப்பொடி போட்டுப் போட்டு மூக்கு மரத்துப்போனவர்.

"எங்கேம்மா நாத்தம்?"

"நீங்க அதுமேலதான் நிக்கிறீங்க, ஐயா."

கிரிம்வுட் பூட்ஸைக் குனிந்து பார்த்தார். "கண்ணுக்குத் தெரிஞ்சா ஆச்சா? மூக்குக்குத் தெரியணும்."

இரண்டாமவர் எலும்பு காய்ச்சும் ஆலை முதலாளி. ஆழமாக இழுத்து முகர்ந்தார். "எனக்கு எங்க ஆலையில நிக்கிற மாதிரிதான் இருக்கு. நல்லா பசி எடுக்குது."

மூன்றாமவர் அந்த வீட்டுக்கே சொந்தக்காரர். "என் வீட்டுல நாத்தமா? அது எப்படி வரும்?" என்றார்.

கெசையா விடவில்லை. கென்ட்டில் ஆடு மேய்க்கும் தம்பியை வரவழைத்துச் சபைக்கு முன் நிறுத்தி முகரச் சொன்னாள். அவன் ஒரு மூச்சு இழுத்தான். அப்படியே மயங்கி விழுந்தான். சபை கூடி ஆலோசித்து, அது வெளியூர் மூக்கு, எங்கள் வட்டாரத்தில் செல்லாது என்று அறிவித்தது.

ஆனாலும் சபைக்கு இரக்கம் உண்டு. முடிவைச் சந்தில் குடியிருப்பவர்களிடமே விட்டது. குழியை அள்ளினால் வரி சற்று ஏறும்; நாற்றம் இல்லை என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் கிரிம்வுட். சந்துக்காரர்கள் எல்லோரும் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையைத் தூக்கினோம்.

ஏபெலும் தூக்கினான்.

கெசையா அவனையே பார்த்தாள். "உனக்குமா நாத்தம் தெரியல?"

"தெரியுது, கெசையா. ஆனா வரி ஏறுமே."

கெசையா அன்றைக்கே துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு தம்பியோடு கென்ட்டுக்குப் போய்விட்டாள். அங்கே பெண் குழந்தை பிறந்து சௌக்கியமாக இருக்கிறதாம். திரும்பி வரும் உத்தேசம் இல்லையாம்.

இப்போது எங்கள் வட்டாரத்தில் பிறப்பு குறைந்துவிட்டதென்று சபைக்குப் பெருங்கவலை. தாய்மார்கள் ஏன் வெளியூர் போய்ப் பிள்ளை பெறுகிறார்கள் என்று ஆராய ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். அனுபவஸ்தன் என்பதால் ஏபெல்தான் தலைவன். வாரந்தோறும் அவன் வீட்டில் கூடி, ஜன்னல்களை இறுகச் சாத்திக்கொண்டு விவாதிக்கிறோம். காரணம் என்னவென்று எங்களில் ஒருவருக்கும் இன்னும் புலப்படவில்லை.