வென்ஜிங்கின் முதுகுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

அன்பும் மரியாதையும் நிறைந்த பெரிய அக்கா குயிஃபாங்குக்கு,

தம்பி குவோலியாங் எழுதுவது. இங்கு நானும் என் மகளும் உயிரோடு இருக்கிறோம். அங்கு நீங்கள் எல்லோரும் அதைவிடச் சற்று மேலான நிலையில் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் மூட்டுவலி, உன் பால்கனி மிளகாய்ச் செடி, இரண்டின் நலமும் அறிய ஆவல். குரல் செய்தியாக அனுப்பினால் பாதியைக் கேட்டுவிட்டு மீதியை நீயே கற்பனை செய்துகொள்கிறாய் என்பதால் எழுத்திலேயே அனுப்புகிறேன்.

மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டு, உன் மகன், என் மருமகன் தெயூவின் பள்ளிக்குப் பக்கத்தில் அறை எடுத்து, நுழைவுத் தேர்வு முடியும்வரை அவனோடு தங்கிப் படிக்கவைக்கலாமா என்று கேட்டிருந்தாய். நடந்ததைச் சொல்கிறேன், நீயே முடிவு செய்துகொள்.

உனக்கே தெரியும், போன வருடம் இந்தப் பள்ளித் தெருவில் மகள் வென்ஜிங்கோடு தங்கியிருந்தவள் என் மனைவி ஹைமெய். அவளுக்கு முடி கொட்டியது, வயிறு எரிந்தது, மகளின் தரவரிசையும் கூடவே இறங்கியது. "இனிமே நீயே போய் உக்காரு, எனக்கு ஆலையில தையல் மெஷின் சத்தமே தேவலாம்" என்று சொல்லிவிட்டுக் கடலோர நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். நான் பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணைப் பொறுப்பாளனாக இருந்தவன். தாமதமாக வரும் வண்டியைக் கண்ணாலேயே வேகப்படுத்தத் தெரிந்தவன் என்று எனக்குப் பெயர். ஒரு பதினேழு வயதுப் பெண்ணைச் சமாளிக்க முடியாதா என்று விடுப்பு போட்டுவிட்டு வந்தேன். வந்ததும் முதல் வேலையாக, குளிர்பெட்டி முனகுகிறது என்று அதன் இணைப்பைப் பிடுங்கினேன், அதனால் உள்ளே இருந்த கெண்டை மீன் நாறியது, நாற்றத்தில் படிக்க முடியாதென்று அவள் ஜன்னலைத் திறந்தாள், திறந்தால் பக்கத்து வீட்டுப் பையன் பாடம் ஒப்பிப்பது கேட்டது, அவன் இவளைவிட இரண்டு பாடம் முன்னால் போய்விட்டான் என்று தெரிந்து எனக்குத்தான் வியர்த்துக் கொட்டியது. ஒரு நாற்காலியை அவள் முதுகுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தேன். நான் எதுவும் பேசவில்லை, அக்கா. வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா, மூச்சு விடுற சத்தம் கேக்குது" என்றாள்.

மெதுவாக விட்டேன்.

"இப்ப மூச்சை அடக்குறது கேக்குது."

மதியச் சாப்பாட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே பெற்றோர்கள் எல்லோரும் சாப்பாட்டுத் தூக்கைத் தூக்கிக்கொண்டு பள்ளி வாசலுக்குப் போவோம். பிள்ளைகள் வெளியே வந்து சுவரோரமாக வரிசையாக நின்று, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் வாயைத் திறப்பார்கள், நாம் ஊட்ட வேண்டும். நேரம் மிச்சம். எல்லாருக்கும் ஒரே சீருடை, எல்லாருக்கும் ஒரே முடிவெட்டு. ஒரு நாள் நான் பாதித் தூக்கை ஊட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, என் மீன் உருண்டைகளை விழுங்கிக்கொண்டிருந்தது வேறு யாரோ பெண். என் மகள் பக்கத்திலேயே நின்றபடி, முன்பின் தெரியாத ஓர் அம்மாள் ஊட்டிய பன்றி வறுவலைத் தின்றுகொண்டிருந்தாள். பிள்ளைகள் இருவருக்குமே விஷயம் தெரியாது. நான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மாள் நிதானமாக, "விடுங்கண்ணே, எங்க வீட்டுல மீனைக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்குவா. உங்க கையால மொத்தமும் போயிடுச்சே! நாளைக்கும் நீங்களே ஊட்டுறீங்களா?" என்றார். மூன்று நாட்கள் அப்படியே மாற்றி ஊட்டினோம். எந்தக் குறையும் வரவில்லை.

அந்த வாரமே மாதத் தேர்வு முடிவும் வந்தது. தரவரிசை ஹைமெய் காலத்தைவிடக் கீழே. நான் திட்டவில்லை. சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பயந்துபோனதாக அவள் பிறகு சொன்னாள். பேனாவை மூடிவைத்தாள். "நான் பரீட்சை எழுதப் போறதில்ல. நாளையிலேர்ந்து பள்ளிக்கூடமும் கிடையாது" என்றாள். சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன், சாதாரணமாகச் சொன்னாள். நான்தான் மருத்துவமனைக்கு ஓடினேன். அங்கே ரத்த அழுத்தம் பார்த்த பெண் கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு கருவி எடுத்து வந்து பார்த்தாள். ஹைமெய்க்கு ஃபோன் போட்டால், "எனக்கு இப்பதான் தூக்கம் வர ஆரம்பிச்சிருக்கு, கெடுக்காதே" என்று வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் வென்ஜிங் படுக்கையைவிட்டு எழவில்லை. நான் கெஞ்சினேன். மூன்றாம் நாள் எழுந்து வந்து, "சரி, ஒரு தடவ நீங்க என் இடத்துல உக்காருங்க. நான் பின்னாடி உக்கார்றேன். அப்புறம் பேசலாம்" என்றாள். உட்கார்ந்தேன். இயற்பியல் கணக்கு ஒன்றைக் கொடுத்தாள். நிறுத்தத்திலிருந்து கிளம்பும் ஒரு பேருந்தைப் பற்றிய கணக்கு. பேருந்து, அக்கா! என் வாழ்நாள் முழுக்க நிறுத்தத்திலிருந்து கிளப்பியனுப்பிய அதே பேருந்து! பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. என் முழங்கைப் பக்கத்தில் நறுக்கிய பேரிக்காய்த் தட்டு வந்தது. "நல்லா யோசிங்கப்பா, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். உடனே கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அடுத்த வீட்டு அங்கிள் முடிச்சிட்டாராம்" என்றாள். எனக்கு அந்தக் கணக்கு மட்டுமல்ல, பேருந்துக்கு எத்தனை சக்கரம் என்பதே மறந்துவிட்டது. அழுகை வந்தது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். அவளும் அழுதாள். பிறகு இருவருமாகப் பேரிக்காயைத் தின்றோம்.

மறுநாள் அறையை அவளிடமே விட்டுவிட்டு, கீழ்வீட்டு வீட்டுக்காரம்மாவிடம் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். "போயிட்டு வர்றேன், உன் இஷ்டப்படி படி, படிக்காட்டியும் போ" என்றேன். அவள் பள்ளிக்குப் போகிறாள், அக்கா. வகுப்பாசிரியை தானாகவே கூப்பிட்டு, வென்ஜிங் இப்போது கையைத் தூக்கிக் கேள்வி கேட்கிறாள், தேர்வுக்கும் பெயர் கொடுத்துவிட்டாள் என்று சொன்னார். எனக்கும் ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, சோறு இறங்குகிறது.

ஆகவே என் பதில் இதுதான். அறை எடுக்காதே. மருந்துக்கடை வேலையை விடாதே. தெயூவை அவன் பாட்டுக்கு விடு. நாம் கையை எடுத்தால்தான் பிள்ளைகள் தாங்களாகப் பிடித்துக்கொள்கிறார்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன், நீ கேட்டே தெரிந்துகொள்.

அத்தானுக்கு என் வணக்கம். தெயூவுக்கு என் ஆசி. நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கட்டும், மற்றதெல்லாம் தானாக வரும்.

உன் பணிவுள்ள தம்பி,
தாவ் குவோலியாங்

பி.கு.: இதை நான் ஊரிலிருந்து எழுதவில்லை. ஹைமெய்யிடம் சொல்லிவிடாதே. வென்ஜிங் அறைக்கு நேரெதிர்க் கட்டடத்தில் ஓர் அறை காலியாக இருந்தது, சும்மா பார்க்கப் போனவன் அப்படியே தங்கிவிட்டேன். இந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் எல்லோருமே பிள்ளைகளை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிட்ட பெற்றோர்கள்தானாம். மேல்மாடிக்காரர் நல்ல மனிதர், தொலைநோக்கியை இரவல் தருகிறார். அந்த மீன் உருண்டைப் பெண்ணின் அம்மாளும் நேற்று பெட்டியோடு வந்து சேர்ந்துவிட்டார். இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சற்றுமுன் வென்ஜிங் எழுந்து, என் பக்கம் பார்த்து நிதானமாகக் கை அசைத்துவிட்டு, திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டாள். அக்கா, நீ உடனே அவளுக்கு ஃபோன் பண்ணி, சாப்பிட்டாளா என்று கேட்பதுபோல் கேட்டு, இப்போது எந்தப் பாடம் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு எனக்குச் சொல். நான் கேட்டதாகச் சொல்லாதே.