சாமிக்கு வெட்டிய கிடாயின் மிச்சக் குடல்

அன்பு மகள் தனேஸ்வரிக்கு,

ஜெராமிலிருந்து அப்பா சிவானந்தம் ஆசியோடு எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஆடுகளும் நலம். அங்கே நீயும் நீ லேப்பில் வளர்க்கும் ஆட்டுக்குடலும் நலமா? குடல் நலமென்றால்தான் இங்கே பிரச்சினை. வாட்சாப்பில் சொன்னால் அம்மா என் போனை நோண்டிப் பார்த்துவிடுவாள் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

உனக்கு ஆராய்ச்சி வேலை கிடைத்தால் கிடா வெட்டுவதாக அம்மா தோட்டத்து முனீஸ்வரருக்கு வேண்டியிருந்தாள், கிடைத்தது, வெட்டினோம், நீயும் ஐஸ் பெட்டியோடு வந்து விரல் நீளக் குடலை வாங்கிக்கொண்டாய், அதிலிருந்து கடுகளவு குட்டிக் குடல்களை வளர்த்து, ஆட்டுக்குட்டியிடமிருந்து மனிதப் பிள்ளைக்குத் தொற்றும் கழிச்சலுக்கு மருந்து தேடப்போவதாகச் சொன்னாய், நானும் பெருமையாகத் தலையாட்டினேன். அத்தோடு விட்டிருக்கக் கூடாதா? "அம்மா, நம்ம கிடா குடல் இன்னும் உயிரோட இருக்கு, சூப்பரா வளருது" என்று போன வாரம் படம் அனுப்பினாய். அம்மா அதைப் பூசாரி இருசப்பனிடம் காட்டிவிட்டாள். நம் கோயில் வழக்கம் உனக்குத் தெரியுமே, வெட்டிய கிடாயை அங்கேயே ஆக்கி அங்கேயே தின்று தீர்க்க வேண்டும், எலும்புகூட எல்லை தாண்டக் கூடாது. அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "உசுரோட இருக்கிறது எப்படி லா சாமிக்குப் போய்ச் சேரும்? வேண்டுதல் பாக்கி நிக்குது" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. வேண்டுதல் பாக்கி நின்றால் உன் வேலை போய்விடுமாம். "அந்தக் குடல கொண்டாந்து கொழம்புல போடச் சொல்லுங்க" என்கிறாள். போட்டால் ஆராய்ச்சி போய்விடும், ஆராய்ச்சி போனால் வேலையும் போய்விடுமே என்றேன். "அப்ப வேல போகாம குடல் மட்டும் போறமாதிரி செய்யச் சொல்லுங்க" என்கிறாள். வேறு கிடா வெட்டலாமென்றால், கொட்டகையில் இருக்கும் ஒரே கிடா அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்க்கும் சின்னான்தான். அவன் பெயரை எடுத்தாலே என்னை முறைக்கிறாள். ஆகவே கண்ணு, ஞாயிற்றுக்கிழமை எல்லாக் குடலையும் எடுத்துக்கொண்டு வந்துவிடு. உன் மேலதிகாரியிடம் குடும்பக் காரியம் என்று சொல். பொய்யில்லை, நம் வீட்டு ஆடுதானே. வேலை போனால் வேறு தேடிக்கொள்ளலாம், நான் இப்படி எழுதியதை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதே. உன் அம்மா இப்படி வாடுவதை என்னால் பார்க்க முடியவில்லை.

முனீஸ்வரர் உனக்குக் காவலாக இருப்பார். குடலுக்கு மட்டும் ஊட்டிக்கொண்டிருக்காமல் நீயும் வேளைக்குச் சாப்பிடு.

அன்புள்ள அப்பா,
சிவானந்தம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் சின்னானுக்குக் கழிச்சல் பிடித்துவிட்டது. பூசாரி வீட்டுக் குட்டிகளுக்கும் அதேதான். கால்நடை டாக்டர் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார். ஆனால் அம்மா சின்னானை மடியில் போட்டுக்கொண்டு, "அந்தக் குடல பத்திரமா பாத்துக்கச் சொல்லுங்க, மருந்து கண்டுபிடிச்சாளான்னு கேளுங்க" என்கிறாள். அந்த மிச்சத்தைச் சாமியே பிரசாதமாக உன்னிடம் கொடுத்தனுப்பினார் என்று இருசப்பன் இப்போது சொல்கிறார். அதனால் மேலே எழுதிய எதையும் செய்யாதே. ஞாயிறு வராவிட்டாலும் பரவாயில்லை, குடல் பக்கத்திலேயே இரு. பிரசாதமாகிவிட்டதால், செருப்போடு மட்டும் உள்ளே போகாதே.